லாரி, வேன், டாக்ஸி டிரைவர்கள் மேல் வரும் பிரிவு 185 வழக்குகள்: பெங்களூரு கோர்ட்டில் ஒரு நாள் பயிற்சிக்கு எதை வைக்கலாம்?

அல்சூர்_ஏரிக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒரு சட்ட உதவி அமைப்புக்காக ஒரு நாள் பயிற்சிக்குப் பாடத்திட்டம் எழுத வேண்டியிருக்கிறது. டிராஃபிக் வழக்கு பார்க்கும் மாஜிஸ்திரேட்டுகள், அரசு வக்கீல்கள், இலவச சட்ட உதவி வக்கீல்கள், பெஞ்ச் கிளார்க்குகள் என்று சுமார் 30 பேர் உட்காருவார்கள். காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்குள் முடிக்க வேண்டும்.

பொருள், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் வரும் வழக்குகள். அதிலும் லாரி, டெம்போ, ஸ்கூல் வேன், டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் மேல் வருபவை. பைக்கில் போன கம்பெனி ஊழியரின் கேஸ் கட்டும், கலாசிபாளையத்தில் லோடு ஏற்றிக் கிளம்பிய நாமக்கல் டிரைவரின் கேஸ் கட்டும் ஒரே மேஜையில் ஒரே வேகத்தில் முடிகின்றன. பின்விளைவு இருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

எங்கிருந்து தொடங்குவது? ஊதும் கருவியின் சீட்டையும் ரத்த அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாஜிஸ்திரேட் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? கன்னடம் சரியாகத் தெரியாத தமிழ் டிரைவர் என்றால் என்ன கவனம் வேண்டும்? தமிழ்நாட்டு லைசென்ஸ் என்றால் ஆர்டர் எங்கே போக வேண்டும்? அமெரிக்கப் பயிற்சிக் குறிப்புகள் சிலவும் கையில் இருக்கின்றன. அவற்றில் இங்கே எடுபடுவது எது? சட்டப் புத்தகத்தில் இருப்பதை நாங்களே படித்துக்கொள்வோம். நடைமுறையில் எங்கே தவறுகிறது என்பதைச் சொல்லுங்கள்.

மேயோஹால்_படிக்கட்டு

சட்டப்பிரிவுகளை வரிசையாகப் படித்துக் காட்டித் தொடங்கினால் 11 மணிக்கே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். முடிந்துபோன ஒரு 185 வழக்கின் ஆர்டரை, பெயர்களை அழித்துவிட்டு, எல்லோர் கையிலும் கொடுங்கள். "இதில் விட்டுப்போனது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அபராதம் 10,000 ரூபாய், கட்டத் தவறினால் இத்தனை நாள் சிறை, அவ்வளவுதான் இருக்கும். விட்டுப்போனது அதே சட்டத்தின் பிரிவு 20(2).

185-ல் தண்டனை கொடுக்கும் கோர்ட், லைசென்ஸ் தகுதி நீக்கமும் போட்டே ஆக வேண்டும். குறைந்தபட்சம் ஆறு மாதம். அடுத்து வரும் 20(3)-ல் வேறு சில குற்றங்களுக்கு, விசேஷக் காரணம் எழுதிவிட்டுத் தகுதி நீக்கத்தைத் தவிர்க்க இடமிருக்கிறது. 20(2)-ல் அந்தக் கதவே கிடையாது. தொழில்முறை டிரைவர் வழக்கில் உண்மையான தண்டனை இதுதான். அபராதத்தை முதலாளி கட்டிவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். மறுநாள் அதே ஆள் அதே ஸ்டீயரிங்கில் உட்காருவார். தகுதி நீக்கம் எழுதப்படாத ஆர்டர் சாலையில் போகிற யாரையும் காப்பாற்றாது. இதை அழுத்திச் சொல்லுங்கள்.

எந்த வகை வண்டிக்குத் தகுதி நீக்கம் என்பதையும் ஆர்டரில் எழுத வேண்டும். 20(1) எல்லா வகைக்கும் போடலாம், குறிப்பிட்ட வகைக்கு மட்டும் போடலாம் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை சொந்த பைக்கில் மாட்டிய லாரி டிரைவர், "பைக்குக்கு மட்டும் போடுங்கள், பிழைப்பு போய்விடும்" என்று கேட்பார். கேட்பதில் தவறில்லை. ஆனால் 16 டன் ஓட்டுகிறவரை லாரிக்கு மட்டும் தகுதியுள்ளவராக விட்டுவைப்பதற்குக் காரணம் எழுத முடியுமா என்று மாஜிஸ்திரேட் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். என் கருத்தில் அப்படிப்பட்ட காரணம் அபூர்வம். வகையையே எழுதாமல் விடுவதுதான் மோசம்: "லைசென்ஸ் ஆறு மாதம் சஸ்பெண்ட்" என்ற ஒற்றை வரியை ஆர்டிஓ ஒரு மாதிரியும் டிரைவர் வேறு மாதிரியும் படிப்பார்கள்.

அபராதத் தொகையிலும் ஒரு நுணுக்கம். 2019 செப்டம்பர் 1 முதல், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். அடுத்த தடவைக்கு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். "10,000 வரை" என்று சட்டம் சொல்லவில்லை, தொகை நிலையானது. முன்பு இரண்டாவது குற்றம் மூன்று வருடத்துக்குள் நடந்திருக்க வேண்டும் என்று இருந்தது. அந்தச் சொற்கள் அதே திருத்தத்தில் எடுக்கப்பட்டுவிட்டன. பழைய புத்தகம் வைத்திருக்கும் வக்கீல்கள் இன்னும் அதை வாதாடுவார்கள். இரண்டாவது தடவை என்று தண்டிக்க வேண்டுமானால் முந்தைய தண்டனையை முதலிலேயே டிரைவருக்குச் சொல்லி, நிரூபிக்கவும் வேண்டும். கம்ப்யூட்டரில் பழைய சலான் தெரிகிறது என்பது போதாது. தண்டனை ஆர்டரின் நகல் வேண்டும். சம்மரி டிரையல் (சுருக்க விசாரணை) முறையில் நடத்தினால் மூன்று மாதத்துக்கு மேல் சிறை தர முடியாது என்பதையும் நினைவூட்டுங்கள். சமரசக் கட்டணம் வாங்கிச் சாலையிலேயே முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலான 200-ல் 185 இல்லை. அதனால்தான் எல்லாமே கோர்ட்டுக்கு வருகின்றன.

அடுத்தது "ஓட்டினாரா?" என்ற கேள்வி. 185 ஓட்டும்போது அல்லது ஓட்ட முயலும்போது என்கிறது. யஷ்வந்த்பூர் யார்டில் லோடு இறக்க வரிசையில் நிற்கும் லாரி, என்ஜின் அணைந்திருக்கிறது, டிரைவர் கேபினில் படுத்திருக்கிறார், வாயில் வாடை. இது 185 ஆகாது. அதே லாரி நடுரோட்டில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க நிற்கிறது என்றால் கதை வேறு. லாரியில் டிரைவர், மாற்று டிரைவர், கிளீனர் என மூன்று பேர் இருப்பார்கள். ஸ்டீயரிங்கில் யார் இருந்தார் என்று மஹஜரில் (சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் குறிப்பில்) ஒரு வரி இல்லாவிட்டால் வழக்கு அங்கேயே நொண்டும். ஃபாஸ்டாக் நேரம், ஜிபிஎஸ், இ-வே பில் எல்லாம் வண்டி எங்கே இருந்தது என்று சொல்லும். யார் ஓட்டினார் என்று சொல்லாது.

வண்டியைப் பிடித்து வைப்பதில் குழப்பம் நிறைய. 207-ன் கீழ் வண்டியைப் பிடித்து வைக்கலாம் என்ற காரணங்களில் லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், பெர்மிட் எல்லாம் உண்டு, 185 இல்லை. டிரைவரைக் கைது செய்தால் 202(3)-ன்படி வண்டிக்குத் தற்காலிக ஏற்பாடு செய்யலாம், அவ்வளவே. குடிக்காத இன்னொரு டிரைவர் லைசென்ஸோடு வந்தால் வண்டியை ஒப்படைப்பதில் தடையில்லை. ஏற்றியிருப்பது தக்காளி என்றால் இது சின்ன விஷயமல்ல.

மடிவாளா_கண்ணாடிக்குழாய்

கருவி, ரத்தம் இரண்டையும் பற்றி எழுதுகிறேன். வக்கீல்கள் எண்ணைப் பார்த்ததும் நிம்மதி ஆகிவிடுகிறார்கள். எண்ணுக்கு முன்னால் அலகைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல். 'மேல்' என்பதால் சரியாக 30 என்றால் குற்றமில்லை. கருவி அளப்பது ரத்தத்தையல்ல, மூச்சை. 2100-க்கு 1 என்ற விகிதத்தை வைத்து ரத்த அளவாக மாற்றிக் காட்டுகிறது. சில கருவிகள் ஒரு லிட்டர் மூச்சுக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும். அந்தக் கணக்கில் 0.143 என்பதுதான் நம் 30. சில கருவிகள் சதவீதத்தில் 0.03 என்று காட்டும். சீட்டில் "0.14" என்று இருப்பதை, அலகைப் பார்க்காமல், 14 மில்லிகிராம் என்று படித்து விடுதலை செய்தாலும் தப்பு, 140 என்று படித்தாலும் தப்பு. அலகு அச்சாகாத சீட்டு வந்தால் கருவியை இயக்கியவரைக் கேட்காமல் மேலே போகக் கூடாது.

சீட்டில் பார்க்க வேண்டியவை: கருவியின் வரிசை எண், சோதனை எண், தேதி, நேரம், வண்டி எண், டிரைவர் பெயர், ஊதுவதற்கு முன் வெறும் காற்றில் வந்த பூஜ்யம், பிறகு வந்த அளவு, இரண்டு பேரின் கையெழுத்து. முன்னால் பூஜ்யம் வராத கருவியில் பின்னால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. கடைசியாக அளவு சரிபார்த்த தேதியின் சான்றிதழ் கேஸ் கட்டிலேயே இருக்க வேண்டும். வரிசை எண் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்டேஷனில் ஐந்து கருவி இருக்கும், சான்றிதழ் வேறு கருவிக்கு இருக்கும். இது அடிக்கடி நடக்கிற தவறு.

இன்னொன்று கண்ணுக்கு முன்னால் அழிகிற சாட்சி: அந்தச் சீட்டு சூட்டில் அச்சாகும் தாள். பெட்ரோல் பங்க் ரசீது மாதிரிதான். நாலைந்து மாதம் கழித்து வாய்தாவுக்குக் கட்டைப் பிரித்தால் வெள்ளைத்தாள் இருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். எடுத்த அன்றே போட்டோகாப்பி எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டேன் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். கருவியின் நினைவகத்திலிருந்து பிறகு எடுக்கும் பதிவு என்றால் பாரதிய சாக்ஷிய அதிநியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ன்படி சான்றிதழ் வேண்டும்.

வாயில் தங்கும் ஆல்கஹால் தனிப் பாடம். குடித்த உடனே, அல்லது வாய் கொப்பளிக்கும் மருந்து பயன்படுத்திய உடனே ஊதினால் நுரையீரல் காற்றோடு வாயிலிருப்பதும் சேர்ந்து அளவு ஏறிக் காட்டும். 15 நிமிடம் காத்திருந்து, புது ஊதுகுழல் மாட்டி, இடைவிடாமல் ஐந்து விநாடி போல ஊதவைத்தால் அந்தக் கோளாறு போய்விடும். 203 'ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட' மாதிரிகளைக் கேட்க அனுமதிக்கிறது; இரண்டாவது தடவை ஊதவைக்கத் தடையில்லை.

"அரிஷ்டம் குடித்தேன்" என்ற பதில் நம் டிரைவர்களிடம் நிறைய வரும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 30 மில்லி அரிஷ்டம், அதில் 8 சதவீதம் ஆல்கஹால் என்றால் சுமார் 1.9 கிராம். 70 கிலோ ஆளுக்கு ரத்தத்தில் ஏறுவது 4 மில்லிகிராம் அளவுக்குத்தான். 30-ஐத் தாண்டாது. ஆனால் குடித்த இரண்டாவது நிமிடம் ஊதினால் வாயிலிருப்பது தாண்ட வைக்கும். ஆகவே கேட்க வேண்டியது, எப்போது குடித்தார், காத்திருந்து மறுபடி ஊதவைத்தார்களா என்பது.

இதற்கு எதிர்ப்பக்கக் கணக்கும் அதே பலகையில் வர வேண்டும். 65 கிலோ எடையுள்ள டிரைவர் இரவு 11 மணிக்கு ஒரு குவார்ட்டர் முடிக்கிறார். 180 மில்லி, 42.8 சதவீதம், சுமார் 61 கிராம் ஆல்கஹால். ரத்தத்தில் 137 மில்லிகிராம் வரை போகும். உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் கழிக்கும். காலை 5 மணிக்கு மீதி 47. ஆறு மணி நேரம் தூங்கி எழுந்து முகம் கழுவி டீ குடித்து வண்டியை எடுக்கிறவர் தான் தெளிவாக இருப்பதாகத்தான் மனதார நம்புவார். "ராத்திரி குடிச்சது சார்" என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. குற்றமில்லை என்று ஆகிவிடவும் செய்யாது. டீ, மோர், குளியல் எதுவும் அந்த 15-ஐக் கூட்டாது. ஆளுக்கு ஆள் 10 முதல் 25 வரை மாறும், அதையும் சொல்லிவிடுங்கள்.

ரத்தம் எடுப்பதில் தவறுவது ஊசி குத்தும் இடத்திலேயே. ஸ்பிரிட் பஞ்சு போட்டுத் துடைத்துவிட்டு ஆல்கஹாலுக்கு ரத்தம் எடுத்தால் எதிர்க்கட்சி வக்கீலுக்கு வேறு ஆயுதமே வேண்டாம். பொவிடோன் அயோடின் போட்டோ சோப்புத் தண்ணீரிலோ துடைக்க வேண்டும். எதனால் துடைத்தேன் என்று டாக்டர் குறிப்பில் எழுத வேண்டும். குழாய் சாம்பல் மூடியுள்ளது. உள்ளே சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்கும். ஃபுளோரைடு இல்லாத குழாயில் கிருமிகள் வேலை செய்து ஆல்கஹால் கூடவும் செய்யும் குறையவும் செய்யும். குழாயை நிறைய நிரப்ப வேண்டும், ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைக்க வேண்டும், சீல் வைத்து மடிவாளா தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எடுத்த நேரம், ஃபிரிட்ஜில் வைத்த நேரம், கிளம்பிய நேரம், ஆய்வகம் வாங்கிய நேரம் என நான்கு நேரங்களும் கட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கப் பழக்குங்கள். நடுவில் மூன்று நாள் குழாய் எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால் அறிக்கையின் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை.

விபத்து வழக்கில் ஆஸ்பத்திரி லேப் அறிக்கை வந்தால் அது சீரத்தில் (ரத்த அணுக்கள் நீக்கிய திரவத்தில்) பார்த்ததா, முழு ரத்தத்திலா என்று கேட்க வேண்டும். சீரம் அளவு முழு ரத்தத்தைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதலாக வரும். சீரத்தில் 34 என்றால் முழு ரத்தத்தில் 30-க்குக் கீழே வந்துவிடும். வரம்புக்குப் பக்கத்தில் இருக்கும் வழக்குகளில் விடுதலையும் தண்டனையும் இந்த ஒரு கேள்வியில் நிற்கின்றன.

விபத்து நடந்து நான்கு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து 22 வருகிறது என்று வையுங்கள். பின்னோக்கிக் கணக்கிட்டால் அந்த நேரத்தில் 62-லிருந்து 122-க்குள் இருந்திருக்கலாம் என்று நிபுணர் சொல்வார். அவர் சொல்வது வீச்சு. ஒற்றை எண் சொன்னால் சந்தேகப்படுங்கள். 185 'சோதனையில் கண்டறியப்பட்ட' அளவைக் கேட்கிறது, கணக்கில் வந்ததை அல்ல என்ற வாதமும் எழும். அலட்சியத்தால் மரணம் என்ற வழக்கில் இதே கணக்கு சூழ்நிலைச் சாட்சியாக வரும்.

கஞ்சா, தூக்க மாத்திரை, வேறு போதைப்பொருள் என்றால் 185(b). அங்கே எண்ணே இல்லை; வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தார் என்று காட்ட வேண்டும். ஆகவே டாக்டரின் நேரடிப் பரிசோதனைக் குறிப்புதான் எல்லாம்: கண்மணி, பேச்சு, நடை, விரலால் மூக்கைத் தொடுதல், நாடி. "போதையில் இருந்தார்" என்று மட்டும் எழுதிய சான்றிதழ் போதாது. ஆல்கஹாலில் இது தலைகீழ்: "குடித்திருக்கிறார், ஆனால் போதையில் இல்லை" என்று டாக்டர் எழுதினாலும் அளவு 30-க்கு மேல் இருந்தால் 185(a) நிற்கும்.

அத்திப்பள்ளி_செக்போஸ்ட்

தற்காப்புப் பக்கத்தையும் சேருங்கள். பாதி நாள் அதற்குத் தேவைப்படும் என்பது என் எண்ணம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி, நாமக்கல் டிரைவர்களுக்குக் கடைத்தெருக் கன்னடம் வரும். கோர்ட்டுக் கன்னடம் வராது. குற்றச்சாட்டைப் படித்ததும் கையைக் கூப்பி "தப்பாயித்து சாமி" என்பார்கள். அது மன்னிப்புக் கேட்கும் பேச்சு. ரத்தத்தில் 30-க்கு மேல் இருந்தது, நான்தான் ஓட்டினேன் என்று ஒப்புக்கொண்டதாக அதை எடுத்துவிட முடியாது. பிஎன்எஸ்எஸ் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 275 ஒப்புதலை அந்த ஆள் சொன்ன சொற்களிலேயே முடிந்தவரை பதியச் சொல்கிறது. அச்சடித்த படிவத்தில் 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்ற இடத்தில் டிக் அடிப்பது அந்த வேலையைச் செய்யாது.

பயிற்சியில் ஒரு சின்ன வழக்கத்தைப் பழக்கலாம். மூன்று கேள்வி, தமிழில்: "அன்றைக்கு வண்டியை ஓட்டினது நீங்கதானா? குடிச்சிருந்தீங்களா, எப்போ? மெஷின்ல வந்த நம்பரைக் காட்டினாங்களா, அதை ஒத்துக்கறீங்களா?" இத்தோடு நான்காவதாக, "ஒத்துக்கிட்டா அபராதம் மட்டும் இல்ல, ஆறு மாசத்துக்குக் குறையாம வண்டி ஓட்ட முடியாது, தெரியுமா?" என்று கேட்க வேண்டும். நான்காவதைக் கேட்டதும் பலர் வக்கீல் வேண்டும் என்பார்கள். கேட்கட்டும், அது அவர்கள் உரிமை. பெஞ்ச் கிளார்க்குகளில் தமிழ் தெரிந்தவர்கள் இந்த ஊரில் குறைவில்லை. ஆனால் கேஸ் கொண்டுவந்த போலீஸ்காரரே மொழிபெயர்ப்பதை மட்டும் அனுமதிக்கக் கூடாது.

கைதான டிரைவரை இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதிக்காவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று 202 சொல்கிறது. கைது நேரத்தையும் டாக்டர் சீட்டு நேரத்தையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும்; இலவச சட்ட உதவி வக்கீல்கள் இதிலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும். ஊத மறுத்தால் 203(4)-ல் கைது செய்யலாம், 204-ல் ரத்தம் கேட்கலாம். நியாயமான காரணமில்லாமல் மறுத்தது எதிரான சாட்சிக்குத் துணை நிற்கும் என்கிறது 205. துணைதான், அதுவே முழுச் சாட்சி ஆகாது. ஆஸ்துமாவோ நெஞ்சு அடிபட்டதோ இருந்தால் ஊத முடியாமல் போனதை மறுப்பாக எழுதிவிடுவார்கள். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

லைசென்ஸ் பறிமுதல் பற்றி டிரைவர்களுக்கு இருக்கும் தவறான நம்பிக்கை ஒன்று ஆபத்தானது. 206(4)-ல் லைசென்ஸை வாங்கிக்கொண்டு போலீஸ் ஒரு ரசீது கொடுக்கும். மற்ற சில வழக்குகளில் அந்த மாதிரி ரசீதை வைத்து வண்டி ஓட்டலாம். 206(4) ரசீதை வைத்து ஓட்டக் கூடாது, சட்டத்திலேயே இருக்கிறது. "ரசீது இருக்கு சார்" என்று ஓசூர் தாண்டி மறுபடி மாட்டினால் அது தனி வழக்கு. அப்படிப் பறித்த லைசென்ஸ் ஆர்டிஓவுக்குப் போகும். விசாரித்து, முதல் தடவைக்கு மூன்று மாதம், அடுத்த தடவைக்கு ரத்து என்று 19(1A) சொல்கிறது. புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் லைசென்ஸ் திரும்பக் கையில் வரும். கோர்ட் போடும் ஆறு மாதம் வேறு, ஆர்டிஓ போடும் மூன்று மாதம் வேறு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கோர்ட் ஆர்டரில் எழுதாவிட்டால் அந்த ஆள் எப்போது ஓட்டலாம் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலாளி பக்கத்தை மறந்துவிடாதீர்கள். டிரைவர் குடித்திருப்பது தெரிந்தே சாவியைக் கொடுத்து அனுப்பினால் 188-ல் அவருக்கும் அதே தண்டனை. தகுதி நீக்கக் காலத்தில் வண்டி கொடுத்தால் 180-ல் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். டிரைவரை மட்டும் கூண்டில் நிறுத்தி, நாளைக்கு 16 மணி நேரம் ஓட்டச் சொன்னவரை வெளியே பெஞ்சில் உட்கார வைப்பது சரியில்லை. 2025 வரை அமலில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது.

சிறுவழக்கு_வளாகம்

விபத்து இழப்பீட்டு வழக்குகளைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன், ஏனென்றால் டிராஃபிக் கோர்ட் எழுதுவது சில வருடம் கழித்து எங்கள் மேஜைக்கு வருகிறது.

2019 திருத்தத்துக்குப் பிறகு 150(2)-ல், 185-ன்படி குடித்துவிட்டு ஓட்டியது இன்சூரன்ஸ் கம்பெனியின் எதிர்வாதங்களில் ஒன்றாகத் தெளிவாகவே சேர்ந்துவிட்டது. அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கும் நிலை வரும். ஒரு லாரி வைத்திருக்கிறவருக்கு அது வீட்டை விற்கிற தொகை. டிரைவர் அவசரத்தில் 'ஒப்புக்கொண்டார்' என்று பதிவான ஒரு வரி அங்கே பெரிய ஆயுதமாகும். மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபக்கம், சோதனையே எடுக்காமல் போனால் தப்பிவிடலாம் என்றும் யாரும் எண்ண வேண்டாம். இஃப்கோ டோக்கியோ எதிர் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம், மூச்சு அல்லது ரத்தச் சோதனை இல்லாவிட்டாலும் மற்ற சூழ்நிலைகளை வைத்துக் குடித்திருந்ததை இன்சூரன்ஸ் கம்பெனி நிரூபிக்கலாம் என்றது. அது காரின் சொந்தச் சேதக் கோரிக்கை. குற்ற வழக்கின் அளவுகோல் அல்ல. இந்த வேறுபாட்டை மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் வைத்துப் பேசுங்கள்.

தண்டனை அளவுக்கு இரண்டு தீர்ப்புகள் போதும். 2000-ல் தல்பீர் சிங் எதிர் ஹரியானா: வேலை நேரம் முழுக்க ஸ்டீயரிங்கில் இருக்கும் தொழில்முறை டிரைவர் ஒரு கணமும் அசந்துபோகக் கூடாது, அலட்சிய மரண வழக்கில் நன்னடத்தைச் சட்டச் சலுகையை (சிறைக்குப் பதில் நன்னடத்தையில் விடுவதை) எளிதில் தரக் கூடாது என்றது. 2022-ல் பிரிஜேஷ் சந்திர திவிவேதி வழக்கு: போலீஸ் படையினரை ஏற்றிய டிரக்கைக் குடித்துவிட்டு ஓட்டியவரின் பணி நீக்கம் பற்றியது, பெரிய சேதம் இல்லை என்பது சலுகைக்குக் காரணமாகாது என்றது; ஆனாலும் பணி நீக்கத்தைக் கட்டாய ஓய்வாகக் குறைத்தது.

அல்சூர்_ஏரிக்கரை

நினைத்ததைவிட அதிகம் கிடைத்திருக்கிறது, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். அமெரிக்கக் குறிப்புகளில் 'மறைத்தல்' என்று ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது, நமக்குப் பொருந்துமா? தமிழ்நாட்டு லைசென்ஸுக்கு ஆர்டர் போய்ச் சேருகிறதா என்று யார் பார்ப்பது?

மேயோஹால்_படிக்கட்டு

அங்கே தொழில்முறை டிரைவருக்கு லைசென்ஸே தனி. சாதாரண ஆளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 0.08 சதவீதம் என்றால் லாரி ஓட்டும்போது அவருக்கு 0.04. முதல் பெரிய குற்றத்துக்கு ஒரு வருடம் தகுதி நீக்கம், அபாயகரமான சரக்கு ஏற்றியிருந்தால் மூன்று வருடம், இரண்டாவது தடவைக்கு ஆயுள் முழுக்க. சொந்தக் காரில் குடித்து மாட்டினாலும் லாரி லைசென்ஸ் போகும். இவ்வளவு கடுமை இருப்பதால் அங்கே வக்கீல்கள் பேரம் பேசிக் குற்றத்தைச் சின்னதாக மாற்றி, டிரைவரின் பதிவில் ஏறாமல் பார்த்துக்கொள்ள முயல்வார்கள். அதைத்தான் கூட்டாட்சி விதி 49 சிஎஃப்ஆர் 384.226 தடுக்கிறது. தண்டனையை மறைக்கவோ தள்ளிப்போடவோ பதிவில் ஏறாமல் செய்யவோ மாநிலங்களுக்கு அனுமதி இல்லை. அங்குள்ள நீதிபதிகள் பயிற்சி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

நமக்கு 30 மில்லிகிராம்தான், லாரிக்கும் பைக்குக்கும் ஒன்றே. அமெரிக்க எண்களை ஸ்லைடில் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும், விட்டுவிடுங்கள். ஆனால் மறைத்தல் என்ற கருத்து அப்படியே பொருந்தும். இங்கே யாரும் பேரம் பேசி மறைக்க வேண்டியதில்லை. தகுதி நீக்கத்தை எழுதாமல் விட்டாலோ, எழுதியதை அனுப்பாமல் விட்டாலோ தானாகவே மறைந்துவிடுகிறது. டிரைவர் மொபைலில் டிஜிலாக்கரைத் திறந்து லைசென்ஸைக் காட்டி ஓட்டிக்கொண்டே இருப்பார்.

ஆகவே பிற்பகல் 3 மணிக்கு மேல் பெஞ்ச் கிளார்க்குகளை முன்னால் உட்கார வையுங்கள். ஆளுக்கு ஒரு போலி ஆர்டரும் ஒரு லைசென்ஸ் நகலும் கொடுங்கள். லைசென்ஸ் எண்ணின் தொடக்கத்தில் டிஎன் என்று இருந்தால் அடுத்த இரண்டு இலக்கம் எந்த ஆர்டிஓ என்று சொல்லும். கிருஷ்ணகிரி என்றால் 24, நாமக்கல் என்றால் 28. ஆர்டரின் நகல் அந்த ஆர்டிஓவுக்குப் போக வேண்டும், 24-ன்படி லைசென்ஸில் குறிப்பு ஏற வேண்டும். லைசென்ஸ் பிறகு வேறு ஊருக்கு மாறியிருக்கலாம் என்பதால் சாரதி இணையதளத்தில் (லைசென்ஸ் பதிவுகளுக்கான அரசுத் தளம்) எண்ணைப் போட்டு இப்போதைய அலுவலகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பீட் போஸ்ட் எண்ணை ஆர்டர் ஷீட்டிலேயே எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒரு தேதி போட்டு, அன்று அதே எண்ணைச் சாரதியில் மறுபடி பார்த்து, தகுதி நீக்கம் ஏறியிருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி பதிய வேண்டும். ஏறவில்லை என்றால் நினைவூட்டல் கடிதம், மறுபடி ஒரு தேதி.

அத்திப்பள்ளி_செக்போஸ்ட்

அந்த ஆர்டரின் ஒரு நகலைத் தமிழில் டிரைவர் கையிலும் கொடுக்கச் சொல்லுங்கள். நான்கு வரி போதும்: எந்தத் தேதி வரை எந்த வண்டியும் ஓட்டக் கூடாது, ஓட்டினால் 182-ல் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அல்லது இரண்டும், மேல்முறையீடு எங்கே, இலவச வக்கீல் எங்கே கிடைப்பார்.